எந்த வேலைக்கு எந்த ஆய அமைப்பு? டிஜிட்டல் வரைபடத்தில் ஐந்து வழிகளின் ஒப்பீடு

கியூஜிஐஎஸ் போன்ற வரைபட மென்பொருளில் புதிய திட்டம் ஒன்றைத் தொடங்கும்போது எந்த ஆய அமைப்பு, அதாவது இடங்களை எண்களால் குறிக்கும் முறை, வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. எதிரே விரியும் பட்டியலில் ஆயிரக்கணக்கான பெயர்களும் ஒவ்வோர் அமைப்பையும் அடையாளம் காட்டும் இபிஎஸ்ஜி எண்களும் நிற்கின்றன. 4326-இலேயே (அட்சரேகை–தீர்க்கரேகை) வைத்துக்கொள்ளலாமா, 3857-க்கு (வெப் மெர்கேட்டர்) மாற்ற வேண்டுமா, உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் போதுமா என்று வாசகர்கள் தொடர்ந்து கேட்கிறார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது ஒரே பதிலை. ஆனால் அந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: தரவை எதில் சேமிப்பது, எதில் கணக்கிடுவது, எதில் காட்டுவது. மூன்றையும் ஒரே அமைப்பின் தலையில் கட்டும்போதுதான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. அதனால் ஒவ்வொரு வழியையும் இந்த மூன்று வேலைகளை மனத்தில் வைத்தே எடைபோடுகிறேன்.

## எவற்றைக் கொண்டு ஒப்பிடுவது

கோளத்தின் மேற்பரப்பைச் சிதைவின்றித் தட்டையாக்க முடியாது என்பதை காஸ் 1827-இல் கணித முறையில் நிறுவிவிட்டார். ஆகவே குறையே இல்லாத புரொஜெக்ஷனை, அதாவது தட்டையாக்கும் முறையை, தேடுவதில் பயனில்லை. எந்தக் குறையைத் தாங்கிக்கொள்ளலாம் என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது, நீளம், பரப்பு, கோணம் ஆகியவற்றில் எது மெய்யாக இருந்தாக வேண்டும் என்பது. கோணத்தையும் பரப்பையும் ஒரே புரொஜெக்ஷன் முழுமையாகக் காக்க இயலாது. அடுத்தது, வரைபடம் ஒரு நகரத்தை உள்ளடக்குகிறதா, ஒரு கண்டத்தையா, உலகத்தையா என்பது. மூன்றாவது, துல்லியம் மீட்டரில் போதுமா, சென்டிமீட்டரில் வேண்டுமா என்பது. ஆயங்களை எந்த பூமி மாதிரியை அடிப்படையாகக் கொண்டு அளக்கிறோம் என்பதைச் சொல்லும் டேட்டம் பற்றிய கவலை இங்கேதான் தொடங்குகிறது. தரவை வேறு யாருக்கெல்லாம் கொடுக்கப்போகிறோம், எத்தனை ஆண்டுகள் அது புழக்கத்தில் இருக்கப்போகிறது என்ற இரண்டும் தொடக்கத்தில் சிறியவையாகத் தெரியும். பின்னாளில் வேலை வைப்பவை பெரும்பாலும் இவைதான்.

வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை உணர, 100 மீட்டருக்கு 100 மீட்டர் அளவுள்ள ஒரு நிலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் உண்மையான பரப்பு 10,000 சதுர மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேர். தட்டையான ஆயங்களிலிருந்து அதன் பரப்பை நேரடியாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ இவ்வளவு சதுர மீட்டர் வரும்:

| அட்சரேகை | வெப் மெர்கேட்டர் | யுடிஎம், மண்டலத்தின் நடுவில் | யுடிஎம், மண்டலத்தின் ஓரத்தில் | சம பரப்பு |
|---|---|---|---|---|
| 15° | 10,780 | 9,992 | 10,018 | 10,000 |
| 45° | 20,000 | 9,992 | 10,006 | 10,000 |
| 60° | 39,870 | 9,992 | 9,999 | 10,000 |

அட்சரேகை–தீர்க்கரேகை இந்த அட்டவணையில் இல்லாததற்குக் காரணம் உண்டு. அதே நிலம் 45° அட்சரேகையில் ஏறத்தாழ 0.00000114 சதுர டிகிரி என்று வரும். அந்த எண்ணைக் கொண்டு எந்த நிலத்தையும் அளக்க முடியாது.

## அட்சரேகை–தீர்க்கரேகை (இபிஎஸ்ஜி 4326)

ஜிபிஎஸ் கருவி தருவதும் ஜியோஜேசன், கேஎம்எல் கோப்புகள் எதிர்பார்ப்பதும் டபிள்யூஜிஎஸ் 84 டேட்டத்தில் அமைந்த அட்சரேகை–தீர்க்கரேகைதான். மண்டல எண்ணோ எல்லையோ இல்லாமல் உலகம் முழுவதற்கும் பொருந்துவதால், பிறரோடு பகிரவும் சேமித்து வைக்கவும் இதைவிடப் பாதுகாப்பான வடிவம் அரிது.

ஆனால் இதன் அலகு நீளம் அன்று, கோணம். ஒரு டிகிரி அட்சரேகை எங்கும் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஒரு டிகிரி தீர்க்கரேகையோ பூமத்திய ரேகையில் 111.3 கிலோமீட்டராகவும் 60° அட்சரேகையில் 55.8 கிலோமீட்டராகவும் இருக்கிறது. அங்கே ஒரு புள்ளியைச் சுற்றி 0.01 டிகிரிக்கு பஃபர் (குறித்த தூரத்துக்குள் அடங்கும் பகுதி) போட்டால், திரையில் வட்டமாகத் தெரிவது தரையில் கிழக்கு மேற்காக வடக்குத் தெற்கின் பாதி அளவே இருக்கும்.

இதைச் சரிசெய்யும் வசதி மென்பொருளிலேயே இருக்கிறது. அதைத் தெரிந்து பயன்படுத்த வேண்டும். போஸ்ட்ஜிஐஎஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் 'ஜியோகிராபி' வகை, துருவங்களில் சற்றே தட்டையான பூமியின் நீள்கோள வடிவத்தின் மீதே நீளத்தையும் பரப்பையும் கணக்கிடுகிறது; அதற்கு விலையாக வேகம் குறைகிறது, எல்லாச் செயல்பாடுகளும் கிடைப்பதில்லை. கியூஜிஐஎஸ்-இன் ஃபீல்டு கால்குலேட்டரில் பரப்புக்கு இரண்டு வழிகள் உள்ளன. டாலர் குறியோடு தொடங்கும் 'ஏரியா' திட்டத்தில் அமைத்துள்ள நீள்கோளத்தைப் பயன்படுத்துகிறது. அடைப்புக்குள் ஜியோமெட்ரியை (நிலத்தின் வடிவத்தை) வாங்கிக்கொள்ளும் 'ஏரியா' தட்டையான ஆயங்களை அப்படியே பெருக்குகிறது. ஒரே நிலத்துக்கு ஒரே அட்டவணையில் இரண்டு வெவ்வேறு விடைகள் வருவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

மறைந்திருக்கும் மற்றொரு செலவு அச்சு வரிசை. இபிஎஸ்ஜி 4326-இன் முறையான வரையறையில் அட்சரேகை முதலில் வருகிறது; ஜியோஜேசனில் தீர்க்கரேகை முதலில் வருகிறது. 2019-இல் வெளிவந்த ஜிடேல் 3 என்ற நிரல் நூலகம் முறையான வரிசையை இயல்பாகவே மதிக்கத் தொடங்கியதால், அதற்கு முன்பு எழுதப்பட்ட நிரல்கள் பலவற்றில் இரண்டு எண்களும் இடம் மாறின.

இன்னொன்று, 32 பிட் தசம எண்களில் ஆயங்களைச் சேமித்தால் 128°-க்கு அப்பாலுள்ள தீர்க்கரேகைகளில் அடுத்தடுத்த எண்களின் இடைவெளியே பூமத்திய ரேகையில் 1.7 மீட்டர் அளவுக்கு ஆகிவிடும். ஆகவே 64 பிட்டில்தான் சேமிக்க வேண்டும். அதற்காக 15 தசம இடங்கள் எழுதுவதில் பொருளில்லை. ஏழாவது இடமே ஒரு சென்டிமீட்டரைத் தொட்டுவிடுகிறது.

## வெப் மெர்கேட்டர் (இபிஎஸ்ஜி 3857)

மெர்கேட்டர் 1569-இல் மாலுமிகளுக்காக வரைந்த உலக வரைபடத்தில், மாறாத திசையில் செல்லும் கடற்பாதை நேர்கோடாக விழும். 2005-இல் கூகுள் மேப்ஸ் அதன் எளிமையாக்கப்பட்ட வடிவத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணங்கள் வேறு. உலகத்தை ஏறத்தாழ 85.05° வடக்கிலும் தெற்கிலும் வெட்டினால் அது சரியான சதுரமாகிறது. அந்தச் சதுரத்தை நான்கு நான்காகப் பிரித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு ஜூம் நிலைக்கும் டைல்கள், அதாவது சிறு சதுரப் படத் துண்டுகள், கிடைக்கின்றன. கோணங்கள் ஏறக்குறையக் காக்கப்படுவதால், எந்த ஊரில் பெரிதாக்கிப் பார்த்தாலும் தெருமுனைகள் தெருமுனைகளாகவே தெரியும். இது மெய்யான நன்மை; இந்தப் புரொஜெக்ஷனைப் பழிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கணக்கிடுவதற்கு மட்டும் இது உதவாது. இதன் அலகு மீட்டர் என்று மென்பொருள் சொல்வதை அப்படியே நம்பிவிடுவதுதான் ஆபத்து. ஒரு மருத்துவமனையைச் சுற்றி 500 மீட்டருக்குள் எத்தனை வீடுகள் என்று 60° அட்சரேகையில் இந்த அமைப்பில் பஃபர் போட்டால், தரையில் அது ஏறத்தாழ 250 மீட்டர்தான் எட்டும். பரப்பில் நான்கில் ஒரு பங்கு. எந்த எச்சரிக்கையும் வராது. டிகிரியில் பிழை செய்தால் விடை கண்ணுக்கே விசித்திரமாகத் தெரியும். இங்கே வரும் தவறான விடை நம்பத்தகுந்த தோற்றத்தோடு வருவதால்தான் இதை டிகிரியைவிட ஆபத்தானதாகக் கருதுகிறேன்.

இன்னொரு சிக்கல் அதன் சூத்திரத்திலேயே இருக்கிறது. நீள்கோளத்தின் மீது அளந்த அட்சரேகைகளை எடுத்து, பூமி முழுக் கோளம் என்று வைத்துக்கொண்டு வெப் மெர்கேட்டர் கணக்கிடுகிறது. நீள்கோளச் சூத்திரத்தைப் பயன்படுத்தும் இபிஎஸ்ஜி 3395 என்ற உலக மெர்கேட்டர் தனியாக உண்டு. ஒன்றில் உள்ள கோப்புக்கு மற்றதன் பெயரைக் கொடுத்துவிட்டால், பூமத்திய ரேகையில் வேறுபாடு இருக்காது. ஆயங்களின் அளவில் 10° அட்சரேகையில் ஏறத்தாழ 7 கிலோமீட்டரும் 45°-இல் ஏறத்தாழ 30 கிலோமீட்டரும் வடக்குத் தெற்காக நகர்ந்துவிடும். கிழக்கு மேற்கில் எல்லாம் சரியாகப் பொருந்தி, வடக்குத் தெற்கில் மட்டும் கிலோமீட்டர் கணக்கில் பிசகும் ஒரு லேயரை (தரவு அடுக்கை) கண்டால் முதலில் இந்தக் குழப்பத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

உலகப் புள்ளிவிவர வரைபடங்களுக்கும் இது பொருந்தாது. ஏறத்தாழ 3 கோடி சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஆப்பிரிக்காவும் அதில் பதினான்கில் ஒரு பங்கே உள்ள கிரீன்லாந்தும் இதில் கிட்டத்தட்ட ஒரே அளவாகத் தெரிகின்றன. பின்னணி டைல்களின் மீது புள்ளிகளையும் பாதைகளையும் காட்டும் இணைய வரைபடமே இதற்குரிய இடம். அத்தகைய சேவையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆயங்களை மாற்றும் நேரத்தை மிச்சப்படுத்த 3857-இல் ஒரு நகல் வைத்துக்கொள்ளலாம். மூலத்தை நீக்கிவிட்டு அந்த நகலை மட்டும் வைத்துக்கொள்வது எந்தச் சூழலிலும் தகாது.

## யுடிஎம்

யுடிஎம் உலகத்தை 6° அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரிக்கிறது. 80° தெற்கிலிருந்து 84° வடக்கு வரை செல்லும். தீர்க்கரேகையோடு 180-ஐக் கூட்டி, 6-ஆல் வகுத்து, தசமத்தை விட்டுவிட்டு 1-ஐக் கூட்டினால் மண்டல எண் கிடைக்கும். நார்வேயின் தென்மேற்கும் ஸ்வால்பார்டும் மட்டுமே விதிவிலக்கு. மீட்டர் இங்கே ஏறத்தாழ மீட்டராகவே இருக்கிறது என்பதை மேலுள்ள அட்டவணை காட்டுகிறது. ஒரு மாவட்டம், ஓர் ஆற்றுப் படுகை, ஒரு காட்டுப் பகுதி என்று ஒரே மண்டலத்துக்குள் அடங்கும் எந்த ஆய்வுக்கும் நான் முதலில் பரிந்துரைப்பது இதையே.

நடுவில் 10,000 என்பது 9,992 ஆவது பிழையால் அன்று. மைய தீர்க்கரேகையில் அளவை வேண்டுமென்றே 0.9996 ஆகச் சுருக்கியிருக்கிறார்கள். அதனால் மையத்திலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில் இருபுறமும் அளவு மெய்யாகி, ஓரத்தில் சற்றே மிகுந்து, மண்டலம் முழுவதும் பிழை சிறிதாகப் பரவுகிறது. நடுவில் ஒரு கிலோமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் குறையும். காட்டுயிர் ஆய்வாளருக்கு அது ஒன்றுமே இல்லை. பாலம் கட்டும் பொறியாளருக்கு அது ஏற்கவே முடியாத பிழை.

உண்மையான தொல்லை மண்டல எல்லையில் வருகிறது. ஆய்வுப் பகுதி இரண்டு மண்டலங்களில் விழுந்தால் மூன்று வழிகள் உண்டு. ஒரு மண்டலத்தையே எல்லை தாண்டியும் நீட்டலாம். மையத்திலிருந்து 4° வரை போனால் பூமத்திய ரேகையருகே கிலோமீட்டருக்கு 2 மீட்டர் பிழை வரும், பல பணிகளுக்கு அது பரவாயில்லை. ஆய்வுப் பகுதியின் நடுவிலேயே மைய தீர்க்கரேகையை வைத்து, யுடிஎம்-க்கு அடிப்படையான புரொஜெக்ஷனாகிய டிரான்ஸ்வர்ஸ் மெர்கேட்டரைச் சொந்தமாக வரையறுக்கலாம். இது சிறந்தது, ஆனால் அதன் அளவுருக்களைக் கோப்போடு சேர்த்துக் கொடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் பயன்படாது. தரவை மண்டலவாரியாக இரண்டாக உடைப்பது மூன்றாவது வழி. அதைத் தவிர்ப்பதே நல்லது.

மண்டல எண்ணும் அரைக்கோளமும் இல்லாமல் எழுதப்பட்ட யுடிஎம் ஆயம் ஓர் இடத்தைக் குறிக்காது. அதே இரண்டு எண்கள் 60 மண்டலங்களிலும் மீண்டும் மீண்டும் வருகின்றன. களத்தில் எழுதிய குறிப்பேடுகளில் விடுபடுவதும் பெரும்பாலும் இந்த மண்டல எண்தான்.

## சம பரப்பு புரொஜெக்ஷன்கள்

கேள்வி 'எவ்வளவு பரப்பு' என்பதாக இருந்து, பகுதி ஒரு யுடிஎம் மண்டலத்தைவிடப் பெரியதாகவும் இருந்தால், வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. கிழக்கு மேற்காக நீண்ட நிலப்பகுதிக்கு 1805-இல் வந்த ஆல்பர்ஸ் கூம்பு, எல்லாத் திசையிலும் பரந்த கண்டத்துக்கு லாம்பெர்ட் 1772-இல் வெளியிட்டவற்றுள் ஒன்றான திசைவில் (அசிமுத்தல்) சம பரப்பு, உலக வரைபடத்துக்கு 2018-இல் உருவான ஈக்வல் எர்த் ஆகியவை நல்ல தொடக்கங்கள். ஆல்பர்ஸில் அளவு மெய்யாக இருக்கும் நியம அட்சரேகைகளை நாமே தர வேண்டியிருந்தால், பகுதியின் வடக்கு, தெற்கு ஓரங்களிலிருந்து அதன் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு உள்ளே வைப்பது பழகிய வழக்கம்.

பிக்சல்களால் ஆன ராஸ்டர் தரவில் இதன் முக்கியத்துவம் கூடுகிறது. நிலப்பயன்பாட்டு ராஸ்டரில் பிக்சல்களை எண்ணி, ஒரு பிக்சலின் பரப்பால் பெருக்கும் முறை, எல்லாப் பிக்சல்களும் தரையில் ஒரே பரப்பைக் குறித்தால்தான் செல்லும். ஆனால் ராஸ்டரை ஓர் அமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதே இழப்புள்ள வேலை, ஏனெனில் பிக்சல் மதிப்புகள் புதிய கட்டத்துக்கு மறுபடி கணிக்கப்படுகின்றன. 1 காடு, 2 வயல், 3 நீர்நிலை என்று வகை எண்கள் கொண்ட ராஸ்டரைச் சராசரி காணும் முறையில் மாற்றினால், காடும் நீரும் சந்திக்கும் கரையெல்லாம் வயல் முளைத்துவிடும். வகை எண்களுக்கு, அருகிலுள்ள பிக்சலின் மதிப்பை அப்படியே எடுக்கும் 'நியரஸ்ட் நெய்பர்' முறையையே தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றத்தை எப்போதும் மூலத்திலிருந்து ஒரே ஒரு முறை செய்ய வேண்டும்.

வடிவமும் கோணமும் சிதைவதுதான் இவற்றின் விலை. திசை காட்டவோ நில அளவை வரைபடம் வரையவோ இவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

## தேசிய அல்லது உள்ளூர்க் கட்டம்

நில உரிமை, சாலை, குழாய்ப் பாதை, கட்டடம் ஆகியவற்றின் தரவு பெரும்பாலும் அந்தந்த நாட்டின் அல்லது பகுதியின் கட்டத்தில், அதாவது அங்கே வழங்கும் ஆய அமைப்பில்தான் வருகிறது. அளவுப் பிழை மிகக் குறைவாக இருக்கும்படி அந்த இடத்துக்கென்றே அமைத்தவை இவை. சட்டப்பூர்வ ஆவணங்களும் இவற்றையே மேற்கோள் காட்டும். அத்தகைய தரவு கைக்கு வந்தால், வசதிக்காக அதை வேறு அமைப்புக்கு மாற்றி மூலத்தைத் தொலைத்துவிடக் கூடாது.

எல்லை தாண்டியதும் பொருளற்றுப்போவதும் வெளியாருக்குப் புரியாததும் இவற்றின் குறைகள். கட்டத்தில் உள்ள தூரம் தரையில் அளந்த தூரத்தோடு சென்டிமீட்டர் அளவில் பொருந்த, கட்ட அளவோடு தரையின் உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதை நில அளவையாளர்கள் அறிவார்கள். மென்பொருள் மட்டும் தெரிந்தவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

## டேட்டம்: கண்ணில் படாத தேர்வு

புரொஜெக்ஷன் தவறினால் வடிவம் சிதைந்து காட்டிக்கொடுக்கும். டேட்டம் தவறினால் எல்லாம் அழகாகவே இருக்கும், இடம் மட்டும் நகர்ந்திருக்கும். கிரீன்விச்சில் பித்தளைப் பட்டையால் குறித்திருக்கும் பழைய முதன்மைத் தீர்க்கரேகையில் (சுழியம் டிகிரி) நின்று ஜிபிஎஸ்-ஐப் பார்த்தால், சுழியம் ஏறத்தாழ 102 மீட்டர் கிழக்கே இருக்கும். பழைய டோக்கியோ டேட்டத்துக்கும் இன்றைய உலக டேட்டத்துக்கும் இடையே 400 மீட்டருக்கு மேல் வேறுபாடு உண்டு. அச்சிட்ட பழைய வரைபடங்களை ஸ்கேன் செய்து பயன்படுத்துபவர்கள் சில நூறு மீட்டர் இடைவெளியைக் கண்டால், கையால் இழுத்துப் பொருத்துவதற்கு முன் அதன் டேட்டத்தைத் தேட வேண்டும்.

இன்றைய தரவில் தேர்வு இரண்டுக்கிடையே அமைகிறது. ஒன்று டபிள்யூஜிஎஸ் 84. இது பூமி முழுவதற்கும் பொதுவானது. மற்றது கண்டத்தட்டோடு கட்டப்பட்ட வட்டார டேட்டம். ஐரோப்பாவின் இடிஆர்எஸ் 89, ஆஸ்திரேலியாவின் ஜிடிஏ 2020 போன்றவை. கண்டத்தட்டுகள் நகர்வதால், டபிள்யூஜிஎஸ் 84-இல் ஒரு கட்டடத்தின் ஆயம் ஆண்டுதோறும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆஸ்திரேலியா ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் நகர்கிறது. அங்கே 1994-ஆம் ஆண்டு டேட்டத்துக்கும் 2020-ஆம் ஆண்டு டேட்டத்துக்கும் இடையே 1.8 மீட்டர் சேர்ந்துவிட்டது. போதாதற்கு, டபிள்யூஜிஎஸ் 84 என்ற ஒரே பெயரின் கீழ் பல திருத்தங்கள் இருப்பதால், எந்தத் திருத்தம் என்று சொல்லாமல் விட்டால் 2 மீட்டர் வரை ஐயத்துக்கு இடமுண்டு என்று இபிஎஸ்ஜி பதிவேடே குறிப்பிடுகிறது.

கைபேசியால் எடுத்த புள்ளிகளுக்கு இதெல்லாம் தேவையில்லை. அவற்றின் பிழையே சில மீட்டர். திருத்தச் சமிக்ஞை பெற்று இயங்கும் ஆர்டிகே என்ற ஜிபிஎஸ் கருவியால் சென்டிமீட்டரில் அளப்பவர்களுக்கு வட்டார டேட்டமே சரி. திருத்தச் சமிக்ஞை எந்த வலையமைப்பிலிருந்து வருகிறதோ அதன் டேட்டத்தில்தான் ஆயங்கள் கிடைக்கும், கருவியின் திரையில் டபிள்யூஜிஎஸ் 84 என்று எழுதியிருந்தாலும்கூட.

உயரத்துக்கும் தனி டேட்டம் உண்டு. ஜிபிஎஸ் அளப்பது நீள்கோளத்திலிருந்து உயரத்தை. வரைபடங்கள் காட்டுவது கடல்மட்டத்திலிருந்து உயரத்தை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இடத்துக்கு இடம் மாறுகிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அது ஏறத்தாழ −106 மீட்டர் வரை போகிறது. டிரோன் தந்த உயரத்தை அப்படியே எடுத்து வெள்ள அபாய வரைபடம் வரைவது உயிரோடு விளையாடுவதாகும்.

## எப்போது எதைத் தேர்வது

உலகளாவிய தரவையும் பலரிடமிருந்து வரும் தரவையும் அட்சரேகை–தீர்க்கரேகையில் சேமியுங்கள். நில அளவைத் தரவை அது அளக்கப்பட்ட கட்டத்திலேயே விடுங்கள். சிறிய பகுதியில் தூரம், பஃபர் போன்றவற்றைக் கணக்கிட யுடிஎம்; பெரிய பகுதியில் பரப்புக்குச் சம பரப்பு; கண்டங்களுக்கிடையிலான தூரத்துக்கு எந்தப் புரொஜெக்ஷனும் வேண்டாம், நீள்கோளத்தின் மீதே கணக்கிடுங்கள். இணையத்தில் காட்ட வெப் மெர்கேட்டர். ஆனால் நாடுகளை நிறத்தால் ஒப்பிடும் வரைபடமானால் அங்கேயும் சம பரப்பு. இந்த ஏற்பாட்டில் ஒரே தரவு இரண்டு மூன்று அமைப்புகளில் நடமாடும். நகல்களைப் பராமரிக்கும் வேலை கூடும். அந்தச் சுமை ஏற்கத்தக்கது என்பதே என் தீர்ப்பு.

எதைத் தேர்ந்தாலும், மென்பொருளில் ஒத்த பெயரோடு நிற்கும் இரண்டு கட்டளைகளைப் பிரித்தறிய வேண்டும். லேயருக்கு ஆய அமைப்பை அமைப்பது எண்களைத் தொடாமல் பெயரை மட்டும் ஒட்டுகிறது. ஆய அமைப்பை மாற்றுவது எண்களையே புதிதாகக் கணக்கிடுகிறது. பெயரில்லாமல் வந்த கோப்புக்கு மட்டுமே முதலாவது பொருந்தும். ஏற்கெனவே சரியான பெயருள்ள கோப்பில் அதைச் செய்தால் யுடிஎம் மீட்டர்கள் டிகிரிகளாகப் படிக்கப்பட்டு, லேயர் வரைபடத்தை விட்டே காணாமற்போகும்.

டேட்டம் மாற்றத்துக்குத் தேவையான திருத்தக் கோப்பு கணினியில் இல்லாவிட்டால், பல மென்பொருள்களுக்கு அடித்தளமான புரோஜ் நூலகம் தோராயமான மாற்றத்தைச் செய்துவிட்டு மேலே போகக்கூடும். ஆகவே, துல்லியமான ஆயம் தெரிந்த ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளியை ஒவ்வொரு முறையும் தரவோடு சேர்த்து மாற்றி, வந்த விடையை அதன் வெளியிடப்பட்ட மதிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். இபிஎஸ்ஜி எண், டேட்டத்தின் திருத்தம், அளந்த தேதி, உயரம் எதிலிருந்து அளக்கப்பட்டது ஆகிய நான்கையும் கோப்பின் விவரக்குறிப்பிலேயே எழுதிவையுங்கள்.